வளையலுக்கு முன்னால் கை

செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போனால் என் கண் முதலில் கைகளுக்குத்தான் போகும். முகம் எல்லோரையும் இழுக்கும். நகைகள் அதைவிட வேகமாக இழுக்கும். கை அப்படி எதையும் செய்யாமல் தன் இடத்தில் இருக்கும். ஆனால் சிற்பி எவ்வளவு தூரம் தேறியவர் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது அதுதான். அதனால்தான், சுவாமிமலையில் ஒருவர் விடிகாலையில் எழுந்து மெழுகில் கைகளை மட்டும் செய்து செய்து உருக்குகிறார் என்று கும்பகோணத்து நண்பர் சொன்னதும் கிளம்பிப் போனேன்.

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரியை ஒட்டி இருக்கிறது சுவாமிமலை. முருகனின் ஆறு படைவீடுகளில் நான்காவது. தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரால் அறுபது படிகள் ஏறித் தகப்பன்சாமியைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால், சுற்றியுள்ள தெருக்களில் உளி தட்டும் சத்தம் கேட்கும். தாராசுரம் கோயில் கட்ட வந்த ஸ்தபதிகளின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று இங்கே பல குடும்பங்கள் சொல்லிக்கொள்கின்றன. பூம்புகார் நிறுவனத்தின் சிலைக்கூடம் ஒன்றும் இங்கே இயங்குகிறது. டெல்லியில் 2023இல் ஜி20 மாநாட்டு அரங்கின் முன் நிறுத்தப்பட்ட 27 அடி நடராசர் இந்த ஊர் ஸ்தபதிகள் வார்த்தது. வீட்டுப் பூசை அறைக்கான நான்கு இஞ்ச் பிள்ளையாரையும் அதே முறையில்தான் வார்க்கிறார்கள்.

அந்த முறையைக் கொஞ்சம் சொல்லிவிட்டால்தான் கைகளைச் செய்து உருக்குகிறவரின் சிக்கல் புரியும். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் முதலில் உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் நைசான வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் காயவிட்டு, பிறகு கரடான மண்ணைக் கனமாக அப்பிக் கம்பி கட்டுகிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகின் எடையைப்போல எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் பிடிக்கும். ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுக்கிறார்கள். ஒரு மண் அச்சுக்கு ஒரு சிலைதான். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே வரும் சிலை கறுத்து, சொரசொரவென்று இருக்கும். அதை அரத்தால் ராவி, உளியால் நகையும் ஆடையும் கண்ணும் தீர்க்கும் வேலை வாரக்கணக்கில் நடக்கும்.

நான் பார்க்கப் போனவர் இந்தக் கடைசிக் கட்டத்து ஆள். உளி வேலைக்காரர். நாற்பதைத் தாண்டிய வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பெரியப்பாவின் பட்டறையில் அரம் பிடிக்க உட்கார்ந்தவர். பெயர் போட வேண்டாம், பட்டறையின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய உளி வேலையை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த முறை ஆளைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மன் சிலையின் ஆடையில் மற்றவர்கள் இடுப்பு முதல் கணுக்கால் வரை கொடியும் பூவுமாக நிரப்பிவிடுவார்கள். இவர் கரையில் மட்டும் நெருக்கமாக வேலை செய்வார். கரை அரை விரற்கடை அகலம்கூட இருக்காது. அதற்குள் முத்துவரிசை, கொடி, மறுபடி முத்துவரிசை. தொடையின்மேல் துணி ஓடும் இடத்தில் இரண்டே இரண்டு கோடுகளை இழுத்து, மீதியை வெறுமையாக விட்டுவிடுவார். அந்த வெறுமையில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போய்க் கரையில் நிற்கும். கண்ணின் கடைசியில் கோட்டைச் சற்று மேலே தூக்கி முடிப்பது இன்னொரு பழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கை அப்படியே போய்விடுகிறது என்றார்.

இத்தனை தேர்ந்தவருக்குக் கை வரவில்லை. அவரே அப்படித்தான் சொன்னார். "உளியில நான் யாருக்கும் பயப்பட மாட்டேன். மெழுகுல உட்கார்ந்தா கையும் விரலும் எனக்குப் பிடிபடாது. என் அம்மன் கையில பூ நிக்காது."

பூ நிற்காது என்று அவர் சொன்னதை நான் முதலில் பேச்சுவழக்காக எடுத்துக்கொண்டேன். நடந்ததையே சொல்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நின்ற கோலத்து அம்மனின் வலக்கை கடக முத்திரையில் இருக்கும். விரல்கள் வளைந்து நடுவில் ஓர் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் கோயிலில் தினமும் புதுப் பூவைச் செருகுவார்கள். சில வருடங்களுக்கு முன், மெழுகிலிருந்து மெருகு வரை தானே தனியாகச் செய்த முதல் அம்மன் ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போயிருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு இவரையும் அழைத்து மாலை மரியாதை செய்திருக்கிறார்கள். எல்லோரும் ஆடைக்கரையைப் பார்த்துப் பார்த்துப் புகழ்ந்திருக்கிறார்கள். இவர் கண் கையில் நின்றுவிட்டது. குருக்கள் தாமரை மொட்டின் காம்பை விரல்களுக்குள் செருக, அது சரிந்து விழ, மறுபடி செருக, மறுபடி விழ, கடைசியில் நூலை எடுத்து மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். குருக்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். "அந்த நூலுதான் எனக்குத் தூக்கம் வராம பண்ணிச்சு" என்றார் இவர்.

கை ஏன் வரவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம் தொழிலின் உள்ளிருந்து வந்தது. சிலையில் உலோகம் போய்ச் சேரக் கஷ்டப்படும் இடம் விரல்நுனி. மெல்லிய இடத்தில் உலோகம் சீக்கிரம் ஆறி இறுகிவிடும், காற்றும் அடைத்துக்கொள்ளும். நுனி இல்லாத விரலோடு சிலை வெளியே வந்தால் மாதக்கணக்கான உழைப்பு போயிற்று. அதனால் மெழுகிலேயே விரல்களை உடம்போடும் ஒன்றோடொன்றும் இணைத்துச் சிறு மெழுகுக் குச்சிகளை ஒட்டுவார்கள். உலோகம் அவற்றின் வழியாகவும் ஓடி நுனிக்குப் போகும். வார்த்தபின் அந்தக் குச்சிகளை அறுத்துவிடலாம். இதற்கும் பயப்படுகிறவர்கள் விரல்களையே தடிமனாக வைத்துவிட்டு, வார்த்த பிறகு ராவி மெலிய வைப்பார்கள். இவர் அந்த இரண்டாவது வழியில் வளர்ந்தவர். அரமும் உளியும் கையோடு பிறந்ததுபோல இருந்ததால், மெழுகில் விட்டதை உலோகத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம்.

ஆனால் அரத்துக்கு எடுக்க மட்டுமே தெரியும். மெழுகு விரலை வளைக்கலாம், அமுக்கலாம், ஒரு பொட்டு மெழுகை வைத்து உள்ளங்கையை உயர்த்தலாம். ராவி மெலிய வைத்த விரல் மெலியும், வளையாது. பக்கங்கள் தட்டையாகும். நான்கு விரலும் ஒரே நீளத்தில், ஒரே பக்கம் பார்த்து, ஒன்றோடொன்று பேசாமல் நிற்கும். இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் சிலைகள் பலவற்றின் கைகளில் இதைப் பார்க்கலாம். சோழர் காலத்தவர் மெழுகிலேயே ஏறத்தாழ எல்லாவற்றையும் முடித்தார்கள், வார்த்தபின் உளி படுவது குறைவு. நம் காலத்தில் பாரம் முழுவதும் உளியின் தலையில் ஏறிவிட்டது. செப்புச் சிலைகளின் கை விறைத்துப்போனதற்கு இந்த இடமாற்றம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நம் ஸ்தபதிகளுக்குத் திறமை குறைந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கும்பாபிஷேகம் முடிந்து ஊர் திரும்பியதும் இவர் பெரியப்பாவிடம் போயிருக்கிறார். எழுபதைக் கடந்தவர். இப்போது உளி பிடிப்பதில்லை, கண் ஒத்துழைக்கவில்லை. மெழுகு மட்டும் விரல் நினைவில் செய்கிறார். நான் போனபோது திண்ணையில் உட்கார்ந்து ஓலை மடித்துக்கொண்டிருந்தார். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவுகளைக் குறிக்கும் ஒடியோலை அது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்ன சொல்றது. கை வரலேன்னு அழுதான். சரிடா, கையை மட்டும் செய்யி, உடம்பைத் தொடாதேன்னேன். அதுல வளையல் போடக் கூடாது, மோதிரம் கூடாது, நகம் கீறக் கூடாது. வெறுங்கை. அது கையா நிக்குதான்னு நான் சொன்ன பிறகு வளையலைப் போடு."

இந்த நிபந்தனையை நான் பெரிதாக நினைக்கிறேன். இவருக்குக் கை தவறும்போதெல்லாம் வளையல் வந்து காப்பாற்றியிருக்கிறது. மணிக்கட்டு மொத்தையாக இருந்தால் மேலே மூன்று வளையல். விரல் மரக்கட்டையாக இருந்தால் நுண்ணிய மோதிரம். பார்க்கிறவர் வேலைப்பாட்டில் மயங்கிவிடுவார். வலுவான திறமை பக்கத்திலேயே இருந்ததால்தான் பலவீனம் இத்தனை வருடம் அப்படியே கிடந்தது. பெரியவர் அந்த ஒத்தாசையைப் பறித்துவிட்டார்.

பயிற்சி மெழுகில் என்பதால் காசு செலவில்லை. செய்த கையைச் சட்டியில் போட்டால் மறுபடி மெழுகு. செலவாவது நேரமும் மனமும். கூலி வேலை தொடங்குமுன், விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு கை. பெரியவர் எழுந்து வந்து வாங்கி, பார்க்கக்கூட மாட்டாராம். கண்ணை மூடி விரலால் தடவுவார். "உள்ளங்கை எங்கே?" என்பார். அவ்வளவுதான், கை சட்டிக்குள் போகும். விரலைப் பற்றி அவர் பேசவே மாதக்கணக்கில் ஆயிற்று என்றார் இவர். உள்ளங்கையின் மேடும் பள்ளமும் சரியாக அமைந்தால் விரல் எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்று அதுவே காட்டும், விரலை முதலில் ஒட்டிவிட்டு உள்ளங்கையைத் தேடினால் கிடைக்காது என்பது பெரியவர் பாடம்.

நடுவில் இவராக ஒரு பள்ளிக்கூடம் கண்டுபிடித்துக்கொண்டார். சன்னதித் தெருவில் பூக்கட்டும் பெண்கள். முல்லையை எடுத்து நாரில் வைத்துச் சுற்றும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடுகிற இடம், அப்போது சிறுவிரல் தன் பாட்டுக்கு மேலே எழும்புவது, இதையெல்லாம் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறார். அங்கேயும் ஒரு கண்ணி இருந்தது. பார்த்ததை அப்படியே மெழுகில் வடித்து, விரல் முட்டியின் எலும்பு தெரியக் கொண்டுபோயிருக்கிறார். "அம்மனுக்கு ஏதுப்பா எலும்பு? மடிப்பை எடுத்துக்க, முட்டியை விட்டுடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் பெரியவர். நம் மரபில் தெய்வத்தின் விரல் அடியில் திரண்டு நுனியில் கூர்ந்து போகும், கணுக்கள் துருத்தாது.

அடுத்துத் தஞ்சாவூர். அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், பக்கத்தில் நிற்கும் தேவி அதற்கு அடுத்த ஆண்டு. ஒரு காலை மாற்றி வைத்து, காளைமேல் ஒரு கையை ஊன்றி நிற்கும் சிவன். காளை இப்போது இல்லை. ஆனாலும் கை ஊன்றியபடியே இருக்கிறது. காளையின் முதுகு எந்த உயரத்தில், எந்த வளைவில் இருந்திருக்கும் என்பதை அந்த மணிக்கட்டையும் விரல்களையும் வைத்தே சொல்லிவிடலாம். இவர் பஸ் ஏறிப் போய்ப் போய் அதன் முன்னால் நின்றிருக்கிறார். காவலர் வந்து என்ன சார் என்று கேட்டிருக்கிறார்.

தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த பாடத்தில் ஒரு கை அருமையாக அமைந்துவிட்டது. பெரியவரும் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அதைத் தன் அம்மன் உருவத்தில் ஒட்டியபோது சங்கடம் ஆரம்பித்தது. இவர் செய்யும் உருவங்களுக்கு ஒரு நிமிர்வு உண்டு. இடுப்பின் ஒசிவு குறைவு, தோள் நேர். அந்த நேரான உடம்பில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சோம்பலான கை போய் ஒட்டிக்கொண்டு நின்றது. "கை நல்லாத்தான் இருக்கு, உன் அம்மனோடது இல்லை" என்றாராம் பெரியவர்.

கற்றுக்கொள்ளும் எல்லாக் கலைஞரும் தடுமாறும் இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. பலவீனத்தைச் சரிசெய்யப் போனவர் தன்னிடம் இருந்ததையும் தொலைத்துவிட்டு, பெரிய ஆசான் ஒருவரின் நகலாகத் திரும்பி வருவதை ஓவியத்திலும் பாட்டிலும் எழுத்திலும் பார்த்திருக்கிறோம். அந்தப் பயத்திலேயே பலர் திருத்திக்கொள்ளவும் மறுக்கிறார்கள். இதுதான் என் பாணி என்று குறையை அணைத்துக்கொள்வார்கள். இவர் இரண்டையும் செய்யவில்லை. உடம்பை ஒசித்துத் தஞ்சாவூர்க் கைக்குப் பொருத்தியிருக்கலாம். வாடிக்கையாளர்களும் சோழர் பாணி என்று கேட்டு வருகிறவர்கள்தான், விலையும் கிடைத்திருக்கும். மாட்டேன் என்று உட்கார்ந்து, தன் அம்மனுக்கு என்ன கை இருக்கும் என்று தேடினார். மணிக்கட்டின் மடிப்பைக் குறைத்தார். விரல்களைச் சற்றுத் திரட்சியாக்கினார். சிறுவிரலின் எழுச்சியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார், பூக்கட்டும் தெருவில் கிடைத்த அதை.

இதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தவர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து வெண்கலக் கூடத்தில் இருக்கும், அதே திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒரு கை. ஒரே உருவம், ஒரே ஓட்டத்தில் வார்த்தது. கைகளோ அந்தந்தப் பாதி உடம்புக்குரியவை. கை என்று தனியாக ஓர் அழகு கிடையாது, எந்த உடம்பின் கை என்பதுதான் கேள்வி என்று அந்தச் சிற்பி அப்போதே தீர்த்து வைத்திருக்கிறார். நான் இதைச் சொன்னபோது இவர் எழும்பூர்ச் சிலையைப் பார்த்ததில்லை என்றார். படத்தைக் காட்டினேன். செல்பேசியில் இடக்கையை மட்டும் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நேரில் பார்க்காமல் பேசக் கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நான் போன சமயத்தில் கையில் ஒரு சிவகாமி இருந்தது. 15 இஞ்ச் உயரம். தேவியருக்குரிய மத்திம தசதாளம் என்ற அளவுமுறையில் உயரத்தை 120 பங்காகப் பிரிப்பார்கள். ஆக ஒரு பங்கு அரைக்கால் இஞ்ச். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை எல்லாம் சேர்ந்து ஒன்றரை இஞ்ச் சொச்சம். அந்தச் சிறிய இடத்துக்குள் ஐந்து விரல், ஓர் உள்ளங்கை, பூவுக்கான இடைவெளி. மெழுகுத் துண்டைத் தணல்மேல் காட்டி இளக்கினார். கட்டைவிரலால் ஒரே அமுக்கு, உள்ளங்கைக் குழி விழுந்தது. குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தார். சூடான கம்பி முனையால் விரல்களின் இடைகளைப் பிரித்தார். ஒவ்வொரு விரலையும் மூச்சுக்காற்றின் சூட்டில் இளக்கி வளைத்தார். நாற்பது பாகை வெயில் வெளியே. மெழுகு தானாக நெகிழப் பார்க்கிறது. நீர்ச்சட்டிக்கும் தணலுக்கும் நடுவே கை ஓயாமல் போய் வந்தது. கடைசியில் பக்கத்திலிருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, விரல்களின் நடுவே செருகினார். நின்றது. கையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போதும் நின்றது. வளையல் அன்று போடவில்லை.

விரல்களைக் குச்சிகளால் இணைத்து வார்க்கும் வழிக்கு இப்போது மாறிவிட்டார். விரல் மெலிந்தே உலோகத்தில் வருகிறது, அரத்துக்கு அங்கே வேலை குறைவு. ஆடைக்கரை, தொடையின் இரண்டு கோடு, கண்ணின் கடைசித் தூக்கு எல்லாம் பழையபடியே இருக்கின்றன. முன்பு செய்த அம்மனின் படத்தையும் இப்போதையதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒருவர் செய்தவை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

வருத்தம் ஒன்று உண்டு. இந்தக் கைக்குச் சந்தையில் தனி விலை கிடையாது. விலை எடையைக் கொண்டும், கண்ணுக்குத் தெரியும் வேலைப்பாட்டைக் கொண்டும் பேசப்படுகிறது. செல்பேசிப் படத்தில் வளையலும் ஒட்டியாணமும் பளிச்சென்று தெரியும், உள்ளங்கையின் குழி தெரியாது. ஆர்டர் கொடுத்தவர் எப்போது முடியும் என்று கேட்பது வார்ப்பையும் மெருகையும் பற்றித்தான். மெழுகில் கூடுதலாகப் போன நாட்களுக்குக் கூலி யார் தருவது? இவர் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். எல்லோராலும் அது முடியாது. உளியிலும் அரத்திலும் கெட்டிக்காரர்களான இளைஞர்கள் இதே தெருக்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பெரியப்பா வேண்டும், கூலி இழக்காமல் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

கோயிலுக்கோ வீட்டுக்கோ திருமேனி செய்யக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிலை மெழுகாக இருக்கும்போதே ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். நகை எதுவும் ஏறுமுன் கையையும் பாதத்தையும் பாருங்கள், ஸ்தபதியிடம் பேசுங்கள். மெழுகில் ஒரு மாற்றத்துக்கு அரை நாள் போதும், வார்த்தபின் முடியாது. அந்த வேலைக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று அவர் கேட்டால் கொடுங்கள். அந்த வாரத்துக்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.